ஒரு மாதக் கெடுவும் ஆறு மணித்தியால அறிவித்தலும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மே தினத்திலும் தேர்தல் காலத்திலும் மலையக மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வசனம் ஒன்று உண்டு: "இந்த உரிமையை உங்களுக்கு வாங்கித் தந்தது நாங்கள்தான்." வாக்குரிமையை வாங்கித் தந்தவர், பிரஜாவுரிமையை வாங்கித் தந்தவர், காணி வாங்கித் தரப்போகிறவர் என்று பட்டியல் நீளும். இதைக் கேட்டுக் கேட்டு, உரிமை என்பது யாரோ ஒருவர் மேலேயிருந்து இறக்கி வைக்கிற நிவாரணப் பொதி என்ற எண்ணம் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களில் (வரிசை வீடுகளில்) ஊறிப்போய்விட்டது. பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் கேட்கப் போகிறவர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

நாட்டின் அரசியலமைப்பு அந்த மேடைப் பேச்சோடு ஒத்துப்போகவில்லை. இறைமை மக்களிடமே இருக்கிறது, அது பராதீனப்படுத்த முடியாதது, ஆட்சி அதிகாரங்களும் அடிப்படை உரிமைகளும் வாக்குரிமையும் அதற்குள் அடங்கும் என்கிறது 3ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமைகளை அரசின் எல்லா அங்கங்களும் மதித்து, பாதுகாத்து, மேம்படுத்த வேண்டும் என்கிறது 4(ஈ). அவ்வுரிமைகளை அது பிரகடனம் செய்து ஏற்றுக்கொள்கிறது, கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருப்பதைத்தான் ஒருவர் ஏற்றுக்கொள்ள முடியும். மனிதனாகப் பிறந்ததாலேயே வரும் உரிமை என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவந்தது நம் சட்டப் புத்தகத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நடைமுறையில் இதன் பலன் என்னவென்றால், ஒரு காரியத்தைச் செய்வதற்கு நீங்கள் அனுமதி காட்டத் தேவையில்லை. அதைத் தடுக்க வருகிற அதிகாரிதான் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று காட்ட வேண்டும்.

ஊர்வலத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளப் பிரச்சினைக்காக நகரத்துக்கு ஊர்வலம் போகத் தீர்மானித்ததும், "பொலிஸ் பெர்மிசன் எடுத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அனுமதியை அல்ல, அறிவித்தலை. ஊர்வலம் தொடங்குமிடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான். பொது ஒழுங்குக்காக அதைத் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவருக்கே அதிகாரம் உண்டு. வாசலில் நிற்கும் சார்ஜன்ட் "இன்றைக்கு ஏலாது" என்று சொல்வது தடையுத்தரவு ஆகாது. ஒலிபெருக்கிக்கு மட்டும் தனியாக அனுமதிப்பத்திரம் வேண்டும். பல இடங்களில் அதை எடுக்காமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பொலிஸாருக்கும் முழு ஊர்வலத்தையும் நிறுத்துவதற்கு அது வசதியான காரணமாகிவிடுகிறது. அறிவித்தல் கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதியும் நேரமும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரம் எழுதப்படாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஆறு மணித்தியாலத்தை நிரூபிக்க முடியாது.

இனி, எந்த உரிமை யாருக்கு என்ற கேள்வி. சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் (10), சித்திரவதையிலிருந்து விடுபட்டிருத்தல் (11), சட்டத்தின் முன் சமத்துவம் (12(1)), கைதின்போதான பாதுகாப்புகள் (13) ஆகியவை எந்த "ஆளுக்கும்" உரியவை. பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், தொழில், நடமாட்டம், விரும்பிய இடத்தில் வசித்தல் ஆகியன அடங்கிய 14ஆம் உறுப்புரை "பிரசைகளுக்கு" மட்டும். இந்த ஒரு சொல் வித்தியாசம் மலையகத்துக்கு எவ்வளவு விலையானது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்கோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவது? அடுத்த வருடமே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் இயலாமையை விதிக்கும் சட்டத்தை இயற்ற முடியாது என்று அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) தெளிவாகச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து, இடாப்பில் பெயர் சேர்க்க மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு கிளம்பியது. இடாப்பைத் திருத்தும் பொறுப்பிலிருந்த அதிகாரி வாக்காளர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1953இல், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பதே அதன் சாரம். எழுத்தில் எல்லை இருந்தது; அதைக் காக்க வேண்டிய நீதிமன்றம், சட்டத்தின் விளைவைப் பார்க்காமல் அதன் சொற்களை மட்டும் பார்த்தது.

1978 அரசியலமைப்பில் இதற்கு ஒரு ஒட்டுப்போட்டார்கள். நிரந்தரமாகவும் சட்டப்படியும் இங்கே வசித்துவந்த பிரசை அல்லாதவர்களுக்கு 14ஆம் உறுப்புரையின் உரிமைகள் பத்து வருடங்களுக்கு உண்டு என்றது 14(2). பேச்சு சுதந்திரத்துக்குக் காலாவதித் திகதி போட்ட அரசியலமைப்பு உலகில் வேறெங்கும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்துவரும் இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியினரையும் பிரசைகளாக்கியது. ஆகவே 14ஆம் உறுப்புரை இன்று நமக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) மூன்றாவது ஒன்று என்றிருப்பவர்கள் தேவை வருவதற்கு முன்பே அதைத் திருத்திக்கொள்வது நல்லது. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது பெயரைத்தான்.

உரிமைகளுக்கு வரம்பு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 15ஆம் உறுப்புரை வரம்புகளைச் சொல்கிறது: தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், இன மத நல்லிணக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலியவை. ஆனால் அந்த வரம்பைச் சட்டத்தினால்தான் விதிக்க வேண்டும். சுற்றறிக்கையாலோ, தொலைபேசி உத்தரவாலோ, "மேலிடத்து ஓடர்" என்ற சொல்லாலோ விதிக்க முடியாது. 10ஆம், 11ஆம் உறுப்புரைகளை எந்தக் காரணம் கொண்டும் எந்தச் சட்டத்தாலும் குறுக்க முடியாது. அவசரகாலமும் இதற்கு விலக்கல்ல.

அவசரகாலம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது பரவலான எண்ணம். பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் மற்றச் சட்டங்களை மேவலாம். அரசியலமைப்பை மேவ முடியாது (155ஆம் உறுப்புரை). சுவரொட்டி ஒட்டவும் துண்டுப்பிரசுரம் கொடுக்கவும் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை 1987இல் யோசப் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் செல்லாதது என்றது. மத்திய, ஊவா, சப்ரகமுவ உட்பட ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் 1998இல் அவசரகாலத்தைக் காட்டி நிறுத்தப்பட்டபோது, வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்று 1999 ஜனவரியில் கருணாதிலக்க வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஏப்ரலில் தேர்தல் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தலை 2023இல் நடத்தாமல் விட்டதும் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பாகி, 2025 மே 6இல் வாக்களித்தோம். பதில் ஜனாதிபதி 2022 ஜூலையில் பிறப்பித்த அவசரகாலப் பிரகடனமே உரிமை மீறல் என்று 2025 ஜூலை 23இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. தீர்ப்புகள் தாமதமாக வருகின்றன, உண்மைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால், காலக்கெடுவுக்குள் மனுப்போட்ட யாரோ ஒருவர் இருக்கிறார்.

அந்தக் கெடுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. 126(2) உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டு, அல்லது மீறப்படப்போகிற நிலை வந்து, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மலையகத்தில் அநேகமான நியாயமான வழக்குகள் இங்கேதான் செத்துப்போகின்றன. நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. சம்பவம் நடந்த வாரம் தோட்டத் தலைவரிடம் சொல்கிறார்கள். அவர் மாவட்டக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி, அமைச்சுக்கு ஒரு பிரதி. "பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வரும்போது ஏழாவது வாரம். இந்தக் கடிதங்களில் எதுவும் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. திணைக்களத்துக்குள் செய்யும் மேன்முறையீடும் நிறுத்துவதில்லை.

கடிகாரத்தை நிறுத்தச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. முறைப்பாட்டை ஒப்படைத்ததற்கான துண்டு மட்டும் போதாது. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வற்புறுத்தி வருகிறது. எனவே முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணைக்கு அழைத்த கடிதத்தையும், அறிக்கை கோரி எதிர்த்தரப்புக்கு ஆணைக்குழு அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன; 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் அழைக்கலாம். தமிழில் எழுதலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். முடிந்தவரை, ஆணைக்குழுவை மட்டும் நம்பியிராமல் மாதம் முடிவதற்குள் மனுவையும் தாக்கல் செய்துவிடுவதே எங்கள் யோசனை.

மனுவில் என்ன வேண்டும்? நடந்தது என்ன, எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் செய்தார், அவருடைய பதவி என்ன (பொலிஸ் என்றால் இலக்கம்), எந்த உரிமை மீறப்பட்டது, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்பவை சுருக்கமாக இருக்க வேண்டும். அதை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி வேண்டும். சட்டமா அதிபரைக் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். முதலில் குறைந்தது இரண்டு நீதியரசர்கள் மனுவைப் பார்த்து, மேற்கொண்டு செல்ல அனுமதிப்பதா என்று தீர்மானிப்பார்கள். பல மனுக்கள் இந்தப் படியிலேயே விழுகின்றன; பத்துப் பக்கம் வேதனையை எழுதிவிட்டுத் திகதியையும் பெயரையும் விட்டுவிடுவது முக்கிய காரணம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்கு, உயர் நீதிமன்ற விதிகளின் 44(7) ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: நீதிமன்றத்துக்கோ நீதியரசர் ஒருவருக்கோ வரும் சாதாரண எழுத்து முறைப்பாட்டையே மனுவாக ஏற்கும்படி பணிக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவையும் நாடலாம். இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது 126(5). நடைமுறையில் வருடக்கணக்காகும், அதை மறைத்து ஆசை காட்டுவது சரியில்லை.

இனி மலையகத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். 126ஆம் உறுப்புரை தடுப்பது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலை. தோட்டங்களோ 1992 முதல் தனியார் கம்பனிகளின் கையில், நீண்டகாலக் குத்தகையில். அதனால் "துரை (தோட்ட அத்தியட்சகர்) அடித்தார், துரை தண்ணீரை வெட்டினார்" என்று உயர் நீதிமன்றம் போனால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். அவை பொலிஸ், தொழில் திணைக்களம், தொழில் நியாயசபை, மாவட்ட நீதிமன்றம் ஆகியவற்றுக்குரிய விடயங்கள். ஆனால் கம்பனி ஆள் எப்போதும் தனியார்தான் என்று விட்டுவிடுவதும் தவறு. அரச அதிகாரி உடந்தையாகவோ, கண்டும் காணாமலோ இருக்க, தனியார் செய்த காரியத்துக்கும் 126ஆம் உறுப்புரையின் கீழ் பொறுப்பு உண்டு என்று ஃபைஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கில் கூறப்பட்டிருக்கிறது. பொலிஸ் ஜீப் பார்த்துக்கொண்டு நிற்க, காவலாளிகள் கூரையைப் பிரித்தால் கதை மாறுகிறது. ஜீப்பின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

இன்னும் முக்கியமானது, தோட்ட அத்தியட்சகரே அரச அதிகாரத்தைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் "தகுதிவாய்ந்த அதிகாரி" என்ற பெயரில் அவர் வெளியேறும் அறிவித்தல் கொடுக்கிறார். லயத்துக்குப் பக்கத்தில் கட்டிய வீட்டுக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ இப்படி ஒரு கடதாசி வந்தால் அதைச் சாதாரண எச்சரிக்கைக் கடிதம் என்று எறிந்துவிடாதீர்கள். இந்தச் சட்டம் கடுமையானது. அறிவித்தலில் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அந்த அறிவித்தலை எதிர்த்து விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. திகதி கடந்ததும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே நீதவான் கேட்பது ஒன்றே ஒன்று: அரசு சட்டப்படி வழங்கிய, இன்றும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறதா? பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம், செக்ரோலில் பெயர் இருக்கிறது, இடாப்பில் வாக்கு இருக்கிறது என்பதையெல்லாம் அவர் பார்க்க முடியாது. வெளியேற்றும் கட்டளைக்கு மேன்முறையீடும் கிடையாது. காணி தன்னுடையது என்று உரிமை கோருகிறவர் கட்டளையிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராகத் தனியாக வழக்குத் தொடரலாம். லயத்தில் இருப்பவருக்கு அந்த வழி பெரும்பாலும் உதவாது.

அப்படியானால் போகும் இடம் எது? எழுத்தாணை, அதாவது ரிட் மனு. அறிவித்தலில் முப்பது நாள் இல்லை, ஒப்பமிட்டவர் தகுதிவாய்ந்த அதிகாரியே அல்ல, காணியின் எல்லை பிழை, அது அரச காணியே அல்ல என்பன போன்ற காரணங்களைக் காட்டி அந்த அறிவித்தலை இரத்துச் செய்யும்படி கேட்கலாம். முன்பு கண்டி, பதுளை மாகாண மேல் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். ராகலை ஸ்டாபோர்ட் தோட்டத்திலிருந்து எழுந்த வழக்கில் 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வழியை மூடியது: இந்தச் சட்டத்தின் கீழான அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆகவே கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். ராகலையில் கொழுந்து பறிக்கிறவர் முப்பது நாளுக்குள் கொழும்பில் வழக்குப் போட வேண்டும் என்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே எங்கள் பதில். மாகாண சபைகளின் காணி அதிகாரம் பற்றி மலையகக் கட்சிகள் பேசும்போது இந்தத் தீர்ப்பின் பெயரைக்கூட உச்சரிக்காதது எங்களுக்கு இன்றுவரை புதிர். அது கிடக்கட்டும். கடதாசி கையில் கிடைத்த அன்றே அதன் பின்புறத்தில் கிடைத்த திகதியை எழுதி, கடித உறையையும் பத்திரப்படுத்தி, அந்த வாரத்துக்குள்ளேயே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். நீதவான் நீதிமன்ற அழைப்பாணை வரும்வரை காத்திருந்தவர்களுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு.

மண்சரிவு அபாயத்துக்கும் அரச அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. ஆபத்து இருப்பதை அறிந்த அரசு அதைச் சொல்லாமல் இருக்கலாமா என்ற கேள்விக்கு இன்று சட்டம் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் லயம் இருக்கும் சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வழமையான கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலம். ஆனால் கோரிக்கையில் அதை நீங்களே எழுத வேண்டும்: "இத்தகவல் உயிரைப் பாதுகாக்கத் தேவை, லயத்தின் பின்சுவரிலும் மேல் மண்மேட்டிலும் வெடிப்பு உள்ளது" என்பதுபோல அடிப்படையையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அது சாதாரண வரிசைக்குப் போய்விடும். மற்றக் கோரிக்கைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையே இல்லை, "எதற்கு?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அந்நிறுவனத்தில் மேன்முறையீடு கேட்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கம்பனியிடம் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, அதே தகவல் இருக்கக்கூடிய அரச நிறுவனத்திடம் கேட்பது சுலபம்: பெருந்தோட்ட அமைச்சு, ஜனவசம (ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை), அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், காணிச் சீர்திருத்த ஆணைக்குழு.

மொழி பற்றிச் சுருக்கமாக. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 1999 நவம்பர் 12 வர்த்தமானி நுவரெலியா மாவட்டத்தில் அப்போதிருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளையும், பதுளையில் பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, ஹல்துமுல்ல, ஹாலி எல உள்ளிட்ட பிரிவுகளையும் இருமொழிப் பிரிவுகளாக்கியது. மொழியுரிமை மீறலும் 126ஆம் உறுப்புரைக்குள் வருகிறது. அதே ஒரு மாதம்தான். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தனிச் சிங்களக் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்க வைக்கிறோம். அதைத் திருப்பி அனுப்பித் தமிழ்ப் பிரதி கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

பொலிஸ் நிலையத்தில் இதுவே ஆபத்தாகிறது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணு" என்கிறார்கள். வாசித்து விளங்காததில் ஒப்பமிடக் கூடாது. தமிழில் நீங்களே எழுதிக்கொடுக்கலாம், எழுதப்பட்டதை வாசித்துக் காட்டச் சொல்லலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண குற்றத்தில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கில் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது சாட்சியமாகும். அந்தச் சட்டத்தின் பெயரில் இன்னும் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொல் இருக்கிறது, 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்து 1982இல் நிரந்தரமானது. அடித்திருந்தால், நீதவான் முன் நிறுத்தப்படும்போது அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் எந்த இடத்தில், எதனால் என்று சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். பயத்தில் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால், பிறகு மருத்துவ அறிக்கையே எதிர்ச் சாட்சியாகிவிடும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது ஏழு வருடம் சிறை. தடுப்புக் காவலில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் உயர் நீதிமன்றம் போகலாம் என்பதை 2003இல் ஸ்ரீயாணி சில்வா வழக்கு நிலைநாட்டியது.

சட்டத்தால் எட்ட முடியாத இடங்களையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பாராளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது (80(3)). 1978க்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் தொடர்ந்து செல்லும் (16(1)). உயிர்வாழும் உரிமையோ, வீட்டுக்கும் காணிக்குமான உரிமையோ, அடிப்படை உரிமைகளைச் சொல்லும் 3ஆம் அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1949இல் நடந்ததுபோல் ஒரு சட்டமூலம் இன்று வந்தால், அது சட்டமாகும் முன்பே, சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். அதற்கு வர்த்தமானியைப் படிக்கிற பழக்கம் வேண்டும். தோட்ட வாசிகசாலைகளில் சினிமாச் சஞ்சிகைகளுக்குப் பக்கத்தில் தமிழ் வர்த்தமானிக்கும் ஒரு இடம் ஒதுக்கினால் தொழிற்சங்கச் சந்தாவில் பெரிய செலவு வராது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். அடிப்படை உரிமை மனு, தகவல் கோரிக்கை, மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாடு ஆகிய மூன்றின் தமிழ் மாதிரிகளையும் வெட்டி எடுத்து நிரப்பக்கூடிய வகையில் ஒரு ஞாயிறு இதழில் வெளியிட்டால், மாதத்தில் மூன்று வாரத்தை வடிவம் தேடியே தொலைக்கிறவர்களுக்கு உதவும். மாதிரியின் அடியில் இரண்டு வரியும் சேருங்கள்: எதையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டு மழையில் நனைந்தால் எழுத்துப் போய்விடும், அன்றே தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பணியிலுள்ள சிலர்,
ஹட்டன்.